பாடாங் செராயில் ஒரு போர்ஷே: எந்த நிறம் எடுப்பது?

கேள்வி – 4 ஜனவரி 2025

அண்ணன் அவர்களுக்கு,

போர்ஷே 911 ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். நிறத்தை இம்மாத இறுதிக்குள் உறுதி செய்ய வேண்டும் என்கிறார்கள். எனக்குக் கறுப்பு பிடிக்கும். என் மனைவி வெள்ளை என்கிறார். அம்மாவோ சிவப்பைத் தவிர வேறு எதையும் வாசலில் நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார். சாம்பல்தான் பின்னால் விற்கும்போது கைகொடுக்கும் என்பது விற்பனையாளரின் வாதம். கணினித் திரையில் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்ததில் இப்போது எல்லா நிறமும் ஒன்றுபோலத் தெரிகிறது. நம் ஊர் மண்ணுக்கும் வெயிலுக்கும் எது பொருந்தும்? விலையைப் பற்றி மட்டும் யாரும் அறிவுரை சொல்ல வேண்டாம். வீட்டில் வேண்டிய அளவு கேட்டாயிற்று.

4 ஜனவரி, இரவு

கறுப்பு வேண்டாம். காரணத்தை நாளை எழுதுகிறேன். என் கார்ச் சாயப் பட்டறையில் ஒரு வேனுக்குக் கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) அடித்து வைத்திருக்கிறேன், அது காயும் வரை வேறு எதிலும் மனம் நிற்காது.

5 ஜனவரி

கறுப்பின் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. கழுவித் துடைத்த முதல் அரை மணி நேரத்துக்கு அதை மிஞ்சும் நிறம் கிடையாது. தொல்லை அந்த அரை மணி நேரம் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நம் கெடா மாநிலத்தில் மழை குறைந்து, தோட்டத்துச் செம்மண் சாலைகள் காய்ந்து புழுதியாகப் பறக்கின்றன. அந்தப் புழுதியில் இருக்கும் மணல் துகள் உங்கள் காரின் மேற்பூச்சை விடக் கடினமானது. தொழிற்சாலையிலிருந்து வரும் காரில், தகட்டின் மேல் இருக்கும் அத்தனை பூச்சும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்) கனம்தான் இருக்கும். அதில் மேலே உள்ள நிறமற்ற கிளியர் 40, 50 மைக்ரோன் அளவில் நின்றுவிடும். உலர்ந்த துணியால் புழுதியைத் தட்டித் துடைப்பவர் ஒவ்வொரு முறையும் அந்த 40 மைக்ரோனில்தான் கோடு இழுக்கிறார். கோடு எல்லா நிறத்திலும் விழும். கறுப்பில் மட்டும் மாலை வெயில் பட்டவுடன் சிலந்தி வலை விரித்தாற்போல் முழுவதும் தெரியும்.

அடுத்தது சூடு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011இல் ஒரே வகை ஹோண்டா சிவிக் இரண்டை, ஒன்று கறுப்பாகவும் மற்றது வெள்ளி நிறமாகவும், வெயிலில் நிறுத்தி அளந்து பார்த்தது. கறுப்புக் காரின் கூரை 25 பாகை செல்சியஸ் வரை கூடுதலாகச் சூடேறியது. உள்ளே இருந்த காற்றில் வித்தியாசம் ஐந்தாறு பாகைதான். உள்ளே ஏர்கோன் இருக்கிறது, கூரைக்கு ஏர்கோன் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தக் கூரையில் பறவை எச்சம் விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

8 ஜனவரி

தம்பி, கார் எங்கே நிற்கப் போகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. நிறத்தைக் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

நம் வட்டாரத்தில் செம்பனை எண்ணெய் ஆலைகளின் கொதிகலன்களில் பழத்தின் நாரும் கொட்டையின் ஓடும்தான் எரிபொருள். காற்று உங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கம் திரும்பிய இரவுகளில் அதன் கரித்துகள் இறங்கிவிடும். காலையில் கார் முகப்பில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், கரிக்கோடு ஒன்று நீளும். வெள்ளைக் காரில் இது அசிங்கமாகத் தெரியும், ஆனால் நிறைய தண்ணீர் ஊற்றினால் போய்விடும். கறுப்புக் காரில் தெரியாது. தெரியாததால் அதன் மேலேயே துணியைப் போட்டுத் தேய்ப்பார்கள். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், தெரியாமல் இருப்பதைத்தான் சொல்வேன்.

பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. நண்பகல் வெயிலில் சூடேறிய கிளியர் சற்றே இளகி விரியும். அதன் மேல் எச்சம் காய்ந்து இறுகும். மாலையில் தகடு குளிரும்போது கிளியரும் அந்தக் கட்டியின் வடிவத்தை ஏற்றுக்கொண்டு சுருங்கும். கழுவிய பிறகும் வட்டமாக ஒரு மங்கல் நிற்பது இதனால்தான். மைனாக்கள் அடையும் மரத்தடியில் காரை நிறுத்துபவருக்கு நிறத்தைப் பற்றிய ஆலோசனை எதுவும் பயன்படாது. தாமானுக்குப் பின்னால் பழைய பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) இருந்தால் காய் வெடிக்கும் காலத்தில் கொட்டைகளும் கூரையில் வந்து விழும். அதற்கும் நிற வேறுபாடு கிடையாது.

9 ஜனவரி

செராமிக் பூச்சு போட்டுவிட்டால் மேலே எழுதிய எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஜூருவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். தீராது. அது சிலிக்கா கலந்த மிக மெல்லிய பூச்சு. தண்ணீர் ஒட்டாது, அழுக்கு எளிதில் கழன்றுவிடும், அந்த அளவில் நல்லதுதான். செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரியின் சக்கரம் எறியும் கல்லை அது தடுக்காது. கல்லைத் தடுப்பது 150 முதல் 200 மைக்ரோன் கனமுள்ள பாலியூரித்தேன் படலம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களிடம் காரை விடாதீர்கள்.

12 ஜனவரி

இந்த இழையில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நிறத்துக்குரிய பழுதுபார்ப்பையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறீர்கள். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ குடியிருப்பவர் இதை மறந்துவிடலாம். நம்மைப் போன்று தோட்டத்தைச் சுற்றி வளர்ந்த ஊரில் இருப்பவர் மறக்க முடியாது.

சொலிட் நிறம் என்பது வெறும் நிறமி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று எதுவானாலும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரியும். மெட்டாலிக் அப்படியில்லை. அதில் மிகச் சிறிய அலுமினியத் தகடுகள் கலந்திருக்கின்றன, அவை படிந்திருக்கும் விதத்தில்தான் நிறமே இருக்கிறது. சாயம் ஈரமாக விழுந்தால் தகடுகள் உள்ளே இறங்கி நிறம் இருளும். உலர்ந்து விழுந்தால் மேலாக நின்று வெளிறும். துப்பாக்கியின் காற்றழுத்தம், கையின் வேகம், தின்னர் ஆவியாகும் நேரம் இவற்றில் எது மாறினாலும் ஒரே டப்பாச் சாயம் வேறு நிறமாக வந்து நிற்கும். நான் மெட்டாலிக் வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்வேன். பிற்பகல் மூன்று மணிக்குத் துத்தநாகக் கூரையின் கீழ் தின்னர் போகும் வேகத்தை நம்ப முடியாது.

ஒரு பக்கத் தகட்டுக்கு நிறம் சேர்ப்பதை அருகில் நின்று பார்த்தால் புரியும். கார்க் கதவுச் சட்டத்தில் இருக்கும் நிற எண்ணைப் பார்த்துக் கலவை எடுப்போம். அந்த ஒரே எண்ணுக்கு நிறக் கம்பெனியின் பட்டியலில் சற்றுச் சிவந்தது, சற்று நீலம் கூடியது என்று சில வகைகள் இருக்கும், ஏனென்றால் தொழிற்சாலையிலும் ஒரு தொகுதியைப் போல் மறு தொகுதி வருவதில்லை. உள்ளங்கை அளவு மாதிரித் தகட்டில் அடித்து, கிளியர் பூசி, காய்ந்த பிறகு வெயிலுக்குக் கொண்டுபோய்க் காரோடு சேர்த்துப் பிடிப்பேன். நேராகப் பார்க்கும்போது ஒன்றாக இருப்பது, தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் தகடு மட்டும் இருண்டு பிரிந்து நிற்கும். மறுபடி ஒரு துளி வெள்ளை, மறுபடி ஒரு தகடு. இவ்வளவுக்குப் பிறகும் பழுதான தகட்டை மட்டும் அடித்து நிறுத்த முடியாது. பக்கத்துக் கதவிலும் நிறத்தைப் படிப்படியாக மெலிதாக்கி இழுத்துவிட்டு, அந்தக் கதவு முழுவதற்கும் கிளியர் அடித்தால்தான் கண்ணை ஏமாற்ற முடியும். கீறல் ஒன்று, வேலை இரண்டு தகட்டுக்கு என்பது இப்படித்தான்.

பேர்ல் இதைவிடக் கடினம். டைட்டானியம் ஆக்சைடு பூசிய அபிரகத் துகள், அடிநிறத்துக்கும் கிளியருக்கும் நடுவில் தனி அடுக்காகப் போகும். நடு அடுக்கை ஒருமுறை கூட்டி அடித்தாலே நிறம் மாறிவிடும். மஸ்டாவின் அந்தப் புகழ்பெற்ற அடர்சிவப்பைப் பழுதுபார்த்த எந்தச் சாயக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சுதான் பதிலாக வரும்.

911இல் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இப்போதைய தலைமுறையில் வெளித்தகடுகள் அலுமினியம், முன்பின் பம்பர் பகுதிகள் பிளாஸ்டிக். தொழிற்சாலையில் உலோக உடல் ஏறத்தாழ 140 பாகையில் சுடப்படும். பட்டறையில், பிளாஸ்டிக்கும் மின்கம்பியும் பூட்டிய முழுக் காரை 60 பாகைக்கு மேல் சூடேற்ற முடியாது. இரண்டு பொருள், இரண்டு சூடு, நடுவில் மெட்டாலிக் என்றால், புதுக் காரிலேயே பம்பரும் பக்கத் தகடும் சில வெளிச்சங்களில் சற்று விலகித் தெரிவதில் வியப்பில்லை. சொலிட் நிறத்தில் இந்த விலகல் கண்ணுக்கு எட்டுவது குறைவு.

13 ஜனவரி

"அப்படியானால் இந்தக் காரை உங்கள் பட்டறைக்கே கொண்டு வரட்டுமா?" என்று தம்பி கேட்டிருக்கிறார். உத்தரவாதம் இருக்கும் வரை கொண்டு வராதீர்கள். அதற்குரிய பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஆறாவது ஆண்டில், தீபாவளிக்கு முதல் வாரத்தில், யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் கைப்பிடி கதவில் உரசிய மாலையில் நீங்கள் யாரைத் தேடி வருவீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

15 ஜனவரி

பொங்கலுக்கு வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். புதுக் காருக்கு வைக்கும் மஞ்சள் குங்குமம் சாயத்தைக் கெடுக்குமா என்று கேட்டிருந்த தைப்பிங் அக்காவுக்கு இப்போதுதான் எழுத முடிகிறது.

புதுக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் நம்மில் யாரும் ஓட்டுவதில்லை. சாலையோர முனியாண்டி கோயிலாக இருந்தாலும் தாமான் மாரியம்மன் கோயிலாக இருந்தாலும், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முகப்பில் சந்தனம், குங்குமம், திருநீறு என்பது முறை. அதைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் கடைக் குங்குமத்தில் பெரும்பாலும் சாயம் கலந்திருக்கும். நனைத்துக் குழைத்துப் பொட்டு வைத்து, அது வெயிலில் ஒரு நாள் காய்ந்துவிட்டால், வெள்ளைக் காரில் இளஞ்சிவப்பு வட்டம் தங்கிவிடும். திருநீறு வேறு வகை. அது கறையாக்காது, ஆனால் உலர்ந்த துணியால் துடைத்தால் தேய்க்கும் பொடியின் வேலையைச் செய்யும். மூன்று பட்டை எங்கே இருந்தது என்று கறுப்புக் காரில் நான் விரல் வைத்துக் காட்டியிருக்கிறேன்.

ஐயரிடம் முன்கூட்டியே சொல்லி, பொட்டுகளை எல்லாம் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. தேங்காயைக் காருக்கு முன்னால் உடைக்கும்போது பத்தடி தள்ளி உடைக்கச் சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளாது.

இந்தக் கணக்கில் சிவப்புக் காருக்கு ஒரு மதிப்பெண் கூடுகிறது என்பதை உங்கள் அம்மாவிடம் சொல்லலாம்.

18 ஜனவரி

விளையாட்டுக் கார் என்றால் சிவப்புதான், மற்றதெல்லாம் வேடம் என்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தீர்ப்பு சற்று ஆட்டம் காண்கிறது.

கார்ப் பந்தயத்தின் தொடக்க காலத்தில் நிறம் நாட்டைக் குறித்தது. இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை. பிரிட்டனின் பச்சைக்கு 1903இல் அயர்லாந்தில் நடந்த கோர்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தைக் காட்டுவார்கள். பெராரி இத்தாலியக் கார் என்பதால்தான் சிவப்பு. மோடேனா நகரத்தின் நிறமான மஞ்சள், அதன் முத்திரையில் குதிரைக்குப் பின்னால் இருக்கிறது. 1964 பருவத்தின் கடைசி இரண்டு பந்தயங்களில் பெராரி கார்கள் வெள்ளையும் நீலமுமாக ஓடின, ஜோன் சர்ட்டீஸ் அந்த நிறத்தில்தான் உலக வெற்றியாளரானார். ஆகவே ஜெர்மன் காரான போர்ஷேயை வாங்குபவர் மரபைப் பார்த்தால் சிவப்பை அல்ல, வெள்ளையையோ வெள்ளி நிறத்தையோதான் எடுக்க வேண்டும்.

வெள்ளி நிறம் வந்த கதை என் தொழிலுக்கு நெருக்கமானது. 1934இல் பந்தயக் காரின் எடை 750 கிலோவைத் தாண்டக்கூடாது என்று விதி வந்தது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் மெர்சிடிஸ் கார் அதைவிட ஒரு கிலோ கூடுதலாக இருந்ததால், இரவோடு இரவாக வெள்ளைச் சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அலுமினியத் தகட்டோடு ஓட்டினார்கள் என்பது கதை. வரலாற்றாய்வாளர் சிலர் இதை ஏற்பதில்லை. ஆனால் சாயத்துக்கு எடை உண்டு என்பது உண்மை. ஒரு காரை முழுதாகச் சுரண்டி, குவிந்த தூளை அள்ளிக் கொட்டியவர்கள் அந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

சிவப்பு வெயிலில் வெளுக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். எண்பதுகளின் சிவப்புக் கார்கள் நம் ஊரில் வெளிறி இளஞ்சிவப்பாக நின்றதை நானும் பார்த்திருக்கிறேன். அன்றைய நிறமி வேறு, மேலே கிளியரும் பல கார்களில் இல்லை. 1986இல் சந்தைக்கு வந்த டி.பி.பி. என்ற நிறமி வகை இந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்த்துவிட்டது, அதற்குப் பெராரி சிவப்பு என்றே பட்டப்பெயர் விழுந்தது. இன்றைய சிவப்புக்கு, வெளுக்கும் என்ற காரணத்தால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதில்லை.

19 ஜனவரி

பக்கத்துக் கூலிமிலேயே போர்ஷேயைப் பாகம் சேர்த்துப் பூட்டுகிறார்களே, அங்கே போய் நிறத்தைப் பார்க்கலாமே என்று கேட்டவருக்கு: 2022 முதல் கூலிமில் பூட்டப்படுவது போர்ஷேயின் இன்னொரு காரான கையேன், 911 அல்ல. 911 இறக்குமதிதான்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. அந்தக் கையேனைப் பூட்டுவது சைம் டார்பி குழுமம். 2017இல் மூன்றாகப் பிரியும் வரை அதே பெயரின் கீழ்தான் தோட்டங்களும் இருந்தன. அந்தப் பெயர் எழுதிய பலகையின் கீழ் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் வரிசைக்கு) நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே பெயர் எழுதிய காட்சிக்கூடத்தில் நிற அட்டையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்து வேலைக்கூடத்தில் டிராக்டருக்குச் சாயம் அடித்துத் தொழில் கற்றவன் நான். அங்கே நிறத்தைத் தேர்ந்தெடுத்தது துரை, அடித்தது நாங்கள். நீங்கள் இவ்வளவு குழம்புவதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது, தம்பி.

23 ஜனவரி

விற்பனையாளரின் சாம்பல் நிறத்தை இதுவரை நான் தொடவில்லை. அடிப்படையில் அது நல்ல வாதம். புழுதி தெரியாது, கோடு தெரியாது, விற்கும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உங்கள் கேள்வியைப் படித்தபோது வெள்ளி அல்லது சாம்பல் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். நேற்று மாலை பெய்த மழையில் கூலிமிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து அந்த எண்ணம் தேய்ந்துவிட்டது.

மழையில் தார்ச்சாலை சாம்பல், சக்கரங்கள் வாரி இறைக்கும் நீர்த்திரை சாம்பல், வானமும் சாம்பல். எனக்கு முன்னால் போன சாம்பல் நிறக் கார் ஒன்று விளக்கைப் போடாமல் போயிற்று. பிரேக் விளக்கு எரிந்த பிறகுதான் அங்கே ஒரு கார் இருப்பதே தெரிந்தது. அது நல்ல உயரமான குடும்பக் கார். உங்கள் 911இன் உயரம் 1.3 மீட்டர். செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் ஓட்டுநர் இருக்கையில் ஒருமுறை ஏறி உட்கார்ந்து பாருங்கள், இடப்பக்கம் கதவுக்குக் கீழே என்ன தெரியும் என்று. தோட்டத்து முனையிலிருந்து சாலைக்குள் திரும்பும் அந்த மனிதருக்கு உங்கள் கார் இருப்பது தெரிய வேண்டும். மற்ற எந்தச் சிறப்பும் அதற்குப் பிறகுதான்.

ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பகல் நேர விபத்துகளில் வெள்ளைக் காரோடு ஒப்பிட்டது. கறுப்புக்கு 12 விழுக்காடும், சாம்பலுக்கு 11 விழுக்காடும், வெள்ளி நிறத்துக்கு 10 விழுக்காடும், சிவப்புக்கு 7 விழுக்காடும் விபத்து வாய்ப்பு கூடுதல் என்று அது கண்டது. அது ஆஸ்திரேலியச் சாலை, நம்முடையது அல்ல என்று சொல்லலாம். நம் சாலையில் மழை அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிவப்பு எட்ட இருந்தே தெரியும் என்று எழுதியவர்கள் பகல் வெளிச்சத்தை மட்டும் நினைக்கிறார்கள். அந்தி இறங்கும்போது மனிதக் கண்ணின் உணர்திறன் நீலப் பச்சைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. புர்க்கினி என்ற செக் நாட்டு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்திருக்கிறார். நண்பகலில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, மாலை ஏழரை மணிக்குக் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும். செம்பரத்தைச் செடி இருக்கும் வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இருட்டத் தொடங்கும் வேளையில் இலை இன்னும் தெரியும், பூ இருண்டிருக்கும். வெள்ளையும் மஞ்சளும் அப்படி ஏமாற்றுவதில்லை.

அடர்பச்சை மிக அழகான நிறம்தான். ஆனால் இருபுறமும் செம்பனை நிற்கும் சாலையில் அந்தக் காரை ஓட்டினால், சாலையில் நீங்கள் இல்லை என்றே மற்றவர்கள் எண்ணிக்கொள்வார்கள்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் சொலிட் மஞ்சளில் வந்து நிற்கிறேன். புழுதி பெரிதாகத் தெரியாது, செம்மண் தெறித்தாலும் நிறத்தோடு சண்டை போடாது, பழுதுபார்க்க முடியும், அந்தியிலும் தெரியும். வரிசையில் மஞ்சள் இல்லையென்றால் கூடுதல் பணத்துக்கு விரும்பிய நிறம் அடித்துத் தரும் ஏற்பாடு போர்ஷேயில் உண்டு. அதில் காத்திருப்பு நீளும்.

24 ஜனவரி

பள்ளிப் பேருந்தா என்று கேட்டு ஒரே இரவில் இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாடாங் செராய்த் தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகள் கைகாட்டி நிறுத்துவார்கள் என்றும், மாதக் கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டவர்களுக்கு ஒரு விளக்கம்: பேருந்துக்கு அந்த நிறம் கொடுத்ததே எட்ட இருந்து தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். என் வாதத்துக்கு நீங்கள் எல்லாரும் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

மறுவிற்பனையில் மஞ்சள் அடிவாங்கும் என்பதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஐசீகார்ஸ் என்ற கார் விற்பனைத் தளம் 2023இல் வெளியிட்ட கணக்கில், மூன்று ஆண்டுகளில் மிகக் குறைவாக விலை இறங்கியவை மஞ்சள் கார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மஞ்சளில் வருவதே பெரும்பாலும் விளையாட்டுக் கார்களாக இருப்பதால், நிறத்தின் பெயரில் காரின் மதிப்பும் சேர்ந்து பேசுகிறது. மைவி போன்ற சாதாரணச் சிறிய கார் ஒன்றை மஞ்சளில் விற்றுப் பார்த்தால் வேறு கணக்கு வரலாம்.

27 ஜனவரி

இரண்டு சிறு கேள்விகளுக்குப் பதில்.

மேட் (பளபளப்பில்லாத) பூச்சு எடுக்கலாமா: வேண்டாம். அதைத் தேய்த்து மெருகேற்ற முடியாது, தேய்த்த இடம் பளபளத்து நிரந்தரக் கறையாகிவிடும். எச்சம் பதிந்தால் அந்தத் தகடு முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும்.

இப்போது வெள்ளையில் எடுத்து, பின்னால் நிறப்படலம் ஒட்டி மாற்றிக்கொள்ளலாமா: ஒட்டலாம். ஆனால் நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும், காப்புறுதிக்கும் சொல்ல வேண்டும். கதவைத் திறந்தால் சட்டத்தில் பழைய நிறம் நிற்கும். இவ்வளவு விலை கொடுத்த காரில் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்க்க உங்களுக்குச் சம்மதம் என்றால் எனக்கென்ன.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உண்மையான சாயம் அடித்த மாதிரித் தகட்டைக் கேட்டு வாங்கி, காட்சிக்கூட விளக்கடியிலிருந்து வெளியே கொண்டுவந்து நண்பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மேகம் மூடியபோது ஒருமுறை பாருங்கள். நண்பகலில் தட்டையாகவும் செங்குத்தாகவும் இரண்டு விதமாகப் பிடியுங்கள். நம் ஊரில் சூரியன் அநேகமாகத் தலைக்கு மேலேயே நிற்பதால், கூரையும் முகப்பும் ஒரு நிறமாகவும் கதவுகள் வேறு நிறமாகவும் தெரியும். ஐரோப்பாவில் சாய்வெயிலில் எடுத்த படங்களில் அது தெரியாது.

31 ஜனவரி

சிவப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார். மாதிரித் தகட்டை வீட்டுக்குக் கொண்டுபோனாராம். வாசலில் வைத்த ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டதாம். மஞ்சளின் பக்கம் வாதாடியவர்கள் என் மீது கோபப்பட வேண்டாம். சொலிட் சிவப்பு என் கணக்கில் இரண்டாவது இடத்தில் இருந்தது, அந்தியில் இருளும் குறையைத் தவிர அதில் வேறு குறை இல்லை. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் அதுவும் பாதி தீர்ந்துவிடும்.

கறுப்பைக் கைவிட்ட வருத்தத்தில் சக்கரத்தைக் கறுப்பாக எடுத்திருக்கிறார். சக்கரத்துக்கு அது பரவாயில்லை, பிரேக் தூசி தெரியாது.

3 பிப்ரவரி

பாதுகாப்புப் படலத்தைக் கார் வந்தவுடனேயே ஒட்டலாமா, சாயம் ஆறும் வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். தொழிற்சாலைச் சாயம் சூளையிலேயே முழுமையாக இறுகிவிடுகிறது. வந்த அன்றே ஒட்டலாம், கோயிலுக்குப் போவதற்கு முன் ஒட்டுவது இன்னும் நல்லது. பட்டறையில் மறுபடி அடித்த தகடு என்றால் அதிலிருந்து தின்னர் வெளியேற ஒரு மாதமாவது விட வேண்டும், இல்லையென்றால் படலத்தின் கீழ் கொப்புளம் வரும்.

இங்கேதான் ஒரு சிக்கல். கப்பலிலும் கிடங்கிலும் உரசிய கார்கள் ஓசையில்லாமல் தொட்டுச் சரிசெய்யப்பட்டு வருவது உண்டு. ஒரு வாடிக்கையாளரின் புதுக் காரில் பின்பக்கத் தகடு மட்டும் மற்றவற்றைப் போல் இரண்டு மடங்கு கனம் காட்டியதை நானே அளந்திருக்கிறேன், எங்கே நடந்தது என்பதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே படலம் ஒட்டுவதற்கு முன் எல்லாத் தகடுகளையும் கனமானி வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 100 முதல் 150க்குள் வந்தால் சரி. ஒரு தகடு மட்டும் 250, 300 என்று காட்டினால், காரை ஏற்றுக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். காந்தத்தால் மட்டும் அளக்கும் மலிவான கருவி அலுமினியத்தில் வேலை செய்யாது. இரும்பல்லாத உலோகத்தையும் அளக்கும் வகை வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் அதுவும் பயன்படாது, அங்கே கண்தான் கருவி.

அந்த வகைக் கனமானி ஒன்று பட்டறையில் இருக்கிறது. கார் வரும் தேதி தெரிந்ததும் எழுதுங்கள், முதல் நாளே வந்து எடுத்துக்கொண்டு போகலாம். மின்கலம் மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.